விசுவாசியும் உடம்பும்: வேலூர்ப் பக்கம் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் வாலிபர் கூட்டங்களிலும் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. சிலர் கை தூக்கிக் கேட்டார்கள். நிறைய பேர் கூட்டம் முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்கள். நான் போதகரும் இல்லை, மருத்துவரும் இல்லை. வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கிறவன். வசனங்களை நாம் சபையில் வாசிக்கும் வேதாகமத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். மருத்துவ விஷயத்தில் எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் சொல்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜிம்முக்குப் போகிறேன் என்றால் அப்பா "இதெல்லாம் உலக ஆசை" என்று திட்டுகிறார். தப்பா?

தப்பில்லை. நம் பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் சாயங்காலம் நெட் கட்டி வாலிபால் ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தை 1895இல் அமெரிக்காவில் உருவாக்கிய வில்லியம் மார்கன், கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். அதற்கு நான்கு வருஷம் முன்னால் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியதும் ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளியில்தான். சென்னையில் 1920இல் ஹாரி பக் என்ற மிஷனரி ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆவி, மனம், சரீரம் மூன்றையும் சேர்த்து வளர்க்க வேண்டும் என்பதுதான் அந்த இயக்கத்தின் முக்கோணச் சின்னத்துக்குப் பொருள்.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். 1900இல் வேலூரில் ஒரு சிறிய மருந்தகமாகத் தொடங்கி, பிறகு சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த வேலைக்கு வித்திட்ட ஐடா ஸ்கடர் அம்மா டென்னிஸில் கெட்டிக்காரர். தலை நரைத்த பிறகும் ஆடினார். அவருடைய பக்தியை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அப்பாவின் பயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். சத்துவாச்சாரிப் பையன் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் பளு தூக்கித் தங்கம் வாங்கியபோது எந்த அப்பாவும் அதை உலக ஆசை என்று சொல்லியிருக்க மாட்டார். உங்கள் அப்பாவின் கண்ணில் படுவது வேறு: ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் செல்போன், சட்டை இல்லாமல் எடுத்த படங்கள், மாசக் கட்டணத்துக்கு அம்மாவிடம் கேட்கும் பணம். அதைச் சரி செய்துவிட்டு, ஒரு நாள் அவரையும் காலையில் நடக்கக் கூப்பிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

"சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்று பவுலே சொல்லிவிட்டாரே?

1 தீமோத்தேயு 4:8. உடற்பயிற்சி வேண்டாம் என்பவர்கள் எல்லாரும் இந்த வசனத்தைத்தான் எடுப்பார்கள். பவுல் அங்கே இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். தேவபக்தி இந்த ஜீவனுக்கும் வரப்போகிற ஜீவனுக்கும் உதவும், சரீர முயற்சி இந்த ஜீவனோடு நின்றுவிடும் என்கிறார். கொஞ்சப் பிரயோஜனம் என்றாலும் பிரயோஜனம்தான். அதே நிருபத்தில் அடுத்த அதிகாரத்திலேயே தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கை மருந்து சொல்கிறார். உடம்பு முக்கியமில்லை என்று நினைக்கிறவர் அப்படி எழுத மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. பவுல் ஊர் ஊராக நடந்தவர், கூடாரத் தொழில் செய்தவர். பேதுரு வலை இழுத்தவர். நம் தாத்தாக்கள் ஏற்றம் இறைத்தார்கள், சந்தைக்கு நடந்தே போனார்கள். அவர்களிடம் போய் உடற்பயிற்சி செய்யச் சொன்னால் சிரித்திருப்பார்கள். நமக்கோ தெருமுனைக் கடைக்கே பைக் வேண்டும். நாள் முழுக்க நாற்காலி, சாயங்காலம் சோபா. அந்தக் காலத்தில் வாழ்க்கையோடு தானாக வந்ததை இப்போது நாம் நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைகளுக்கு வலு கொடுக்கும் பயிற்சி. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 150 நிமிஷம் வந்துவிடும்.

கர்த்தர் இருதயத்தைத்தானே பார்க்கிறார்? தோற்றத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

"மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்பது 1 சாமுவேல் 16:7. தாவீதின் அண்ணன் எலியாபின் உயரத்தைப் பார்த்து அவன்தான் ராஜா என்று சாமுவேல் நினைத்தபோது வந்த வார்த்தை. ஐந்து வசனம் தாண்டிப் பாருங்கள். தாவீது உள்ளே வரும்போது அவன் சிவந்த மேனியும் அழகிய கண்களும் நல்ல ரூபமும் உள்ளவன் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அழகை வேதம் மறைக்கவும் இல்லை, பழிக்கவும் இல்லை. அதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்காதே, ஒருவரைத் தள்ளாதே என்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதும் அதுதான். நம் உடம்பைப் பேணுவது நம் கடமை. அடுத்தவர் உடம்பை வைத்து அவர் மதிப்பைத் தீர்மானிக்கும் உரிமை நமக்குக் கிடையாது.

கவலைப்படவே வேண்டாமா என்றால், வேலூரில் இருக்கிற நமக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் பால் பிராண்ட் 1946இல் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் மடங்கிப்போன கைகளுக்கு, தசைநாணை இடம் மாற்றி வைத்து அறுவை சிகிச்சை செய்து, மறுபடி பிடிக்கவும் வேலை செய்யவும் வைத்தார். வேலூர்ப் பக்கம் கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மையம் அந்த வேலையைத் தொடர்ந்தது. கை சரியாகி வெளியே போனவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. நோய் போய்விட்டது, கையும் வேலை செய்கிறது; ஆனால் மூக்கு அமுங்கி, புருவம் உதிர்ந்த முகம் அப்படியே இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்து வேலை கொடுக்க யாரும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

அதனால் அந்த மருத்துவர்கள் மூக்கை எடுத்துக் கட்டினார்கள். தலையிலிருந்து முடியோடு சேர்த்துத் தோலை எடுத்துப் புருவத்தில் பதித்தார்கள். அது தலைமுடி ஆனதால் வளர்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். புருவமே இல்லாமல் வருஷக்கணக்கில் இருந்த ஒருவருக்கு, கண்ணாடி முன் நின்று தன் புருவத்தைக் கத்தரிப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க அவன் முகமும் தேவைப்படுகிறது என்று விசுவாசிகளான மருத்துவர்கள் புரிந்துகொண்டு அதற்காக மணிக்கணக்கில் உழைத்தார்கள். எனவே பல்லுக்குக் கம்பி போடுவதோ, பிளவுபட்ட உதட்டைச் சரி செய்வதோ, தீக்காயத் தழும்புக்குச் சிகிச்சை எடுப்பதோ பெருமை ஆகாது. எந்தச் சங்கடமும் இல்லாமல் போங்கள்.

"உன் சரீரம் ஆலயம்" என்ற வசனம் டயட்டைப் பற்றியதா?

நேரடியாக இல்லை. 1 கொரிந்தியர் 6இல் பவுல் பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. அந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தட்டில் இருக்கும் பரோட்டாவைப் பார்த்து "ஆலயத்தைக் கெடுக்கிறாய்" என்று சொல்வது சரியில்லை. ஆனால் "நீங்கள் உங்களுடையவர்களல்ல" என்று அங்கே வருகிற வார்த்தை எல்லாவற்றுக்கும் பொருந்தும். உடம்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. புகைக்கும் குடிக்கும் அது பொருந்தும். மாத்திரையை நிறுத்திவிட்டு சர்க்கரை நோயை விசுவாசத்தால் விரட்டிவிட்டேன் என்று சாட்சி சொல்வதற்கும் அது பொருந்தும்.

உபவாசம் இருந்து எடை குறைக்கலாமா?

இரண்டையும் கலக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எடை குறைக்க வேண்டுமானால் எடை குறையுங்கள், அதற்குத் தனி வழி இருக்கிறது. லெந்து நாட்களில் நாற்பது நாள் இருந்து ஈஸ்டர் அன்று எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றால், அந்த நாற்பது நாளும் யாருக்காக இருந்தோம் என்ற கேள்வி வரும். உபவாசத்தைப் பற்றி இயேசு சொன்னது "உன் தலைக்கு எண்ணெய் பூசி, உன் முகத்தைக் கழுவு" என்று. வாடிய முகத்தோடு இருக்காதே, பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் இரு என்கிறார். முகத்தைக் கழுவிச் சீராக இருக்கச் சொன்னதே ஆண்டவர்தான் என்பதையும் கவனியுங்கள்.

தானியேல் உபவாசம் என்ற பேரில் காய்கறி மட்டும் சாப்பிட்டு மெலிய நினைப்பவர்கள் தானியேல் முதலாம் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். பத்து நாள் பருப்பும் தண்ணீரும் எடுத்த அந்த வாலிபர்கள் மற்றவர்களைவிட முகக்களையும் புஷ்டியும் உள்ளவர்களாகக் காணப்பட்டார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. மெலிந்ததாக இல்லை.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுக்கிறவர்களும் வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். முழு இரவு ஜெபத்தில் ஒருவர் இப்படிச் சாய்ந்தால் அதை ஆவியின் வல்லமை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சுயநினைவு இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சாப்பாட்டைத் தவிர்க்கும் மனநோய் இருந்தவர்கள் எல்லாரும் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம். அதற்குப் பதிலாக டிவியையோ செல்போனையோ விட்டுவிட்டு ஜெபியுங்கள். கர்த்தர் அதை ஏற்றுக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி?

சாப்பிடுங்கள். ஆம்பூர் பக்கத்தில் பிறந்துவிட்டு அதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாரத்துக்கு ஒரு தட்டு யாரையும் கெடுக்காது. மூன்று தட்டும், கூடவே குளிர்பானமும், அப்புறம் சாயங்காலம் வரை தூக்கமும் கெடுக்கும். நீதிமொழிகள் 23இல் பெருந்தீனிக்காரரோடு சேராதே என்று இருக்கிறது. நம் சபைகளில் குடியைப் பற்றி வருஷத்துக்குப் பத்துப் பிரசங்கம் வரும், அதே வசனத்தில் பக்கத்திலேயே இருக்கும் பெருந்தீனியைப் பற்றி ஒன்றும் வராது.

நம் மண்ணின் சாப்பாடு நல்ல சாப்பாடு. கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், வேர்க்கடலை, கொள்ளு, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். தனியாக டயட் உணவு வாங்கப் பணம் இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் பாட்டி சமைத்ததைச் சமைத்தாலே போதும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பையும் முட்டையையும் காயையும் கூட்டுங்கள்.

எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம் ஆட்களுக்கு எடையைவிட வயிறு முக்கியம். கை கால் ஒல்லியாக இருக்கும், தொப்பை மட்டும் இருக்கும். சர்க்கரையும் இதய நோயும் அந்தத் தொப்பையோடு சேர்ந்து வரும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது என்பது இந்தியர்களுக்கான அளவு. உயரத்தையும் எடையையும் வைத்துப் பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் நமக்கு 23க்கு மேல் போனாலே கவனம் வேண்டும். தையல்காரர் டேப் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். இந்த எண் உங்கள் இதயத்தையும் கணையத்தையும் பற்றியது. நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நிறம் கம்மி என்று வரன் தட்டிப்போகிறது. கிரீம் போடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் ஜெபம் செய்து, காபி குடித்து, நன்றாகப் பேசிவிட்டுப் போனார்கள். ரெண்டு நாள் கழித்துத் தரகர் போன் பண்ணி "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மின்னு சொல்றாங்க" என்றாராம். இரண்டு குடும்பமும் சபையில் முன் வரிசைக் குடும்பங்கள். அந்தப் பெண்ணின் அம்மா மறுநாளே மருந்துக் கடைக்குப் போய் ஒரு டியூப் வாங்கிவந்துவிட்டார்.

முதலில் அந்த டியூபைப் பற்றிச் சொல்கிறேன். சிவப்பாக்கும் என்று வாய்வழியாகச் சொல்லி விற்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது, சிலதில் பாதரசமும் இருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பிக்கும். பரு கிளம்பும், மீசை அரும்பும், வெயிலில் முகம் எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகச் சிவக்கும், அதனால் நிறுத்தவும் முடியாது. ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் அரசு விதியே கொண்டுவந்தது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் தோல் மருத்துவரைப் பாருங்கள், தானாக விடப் பார்க்காதீர்கள்.

அடுத்தது நாம் பேச வேண்டியது. "நான் கறுப்பாயிருந்தாலும், அழகாயிருக்கிறேன்" என்று உன்னதப்பாட்டில் ஒரு பெண் சொல்கிறாள். வெயில் பட்டுக் கறுத்தவள், திராட்சத்தோட்டத்தில் வேலை செய்தவள். நம் வேலூர் வெயிலுக்கு அவள் ஊர் வெயில் சளைத்ததில்லை. மே மாசம் நாற்பது டிகிரி தாண்டும் ஊரில், வயலிலும் ரோட்டிலும் உழைத்த முன்னோருக்குப் பிறந்த நாம் வேறு எந்த நிறத்தில் இருப்போம்? பொன்மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல இடமும் கந்தை கட்டி வருகிறவனுக்குத் தரையும் கொடுக்காதே என்று யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அதைப் பாரபட்சம் என்கிறார், பாவம் என்கிறார். நிறத்தைப் பார்த்துப் பெண்ணைத் தள்ளுவதும் அதே பாவம்தான். நிறத்துக்குப் பின்னால் சாதிக் கணக்கும் ஒளிந்திருக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். போதகர்கள் திருமண ஆலோசனையில் இதைப் பேர் சொல்லிப் பேச வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன். மகனுக்குப் பெண் தேடும் அம்மாக்களே, ஸ்டூடியோவில் வெளுக்க வைத்த போட்டோவைக் கேட்காதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது: உன்னிடம் குறை ஒன்றும் இல்லை. குறை அவர்கள் பார்வையில் இருக்கிறது.

நகை, மேக்கப், தலைக்கு டை?

சபைக்குச் சபை மாறுகிறது. சி.எஸ்.ஐ.யிலும் கத்தோலிக்கத் திருச்சபையிலும் நகை போடுகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் கழற்றிவிடுகிறார்கள். கழற்றியவர்கள் போட்டவர்களையும், போட்டவர்கள் கழற்றியவர்களையும் ஏளனமாகப் பேசாமல் இருந்தாலே பாதி ஆசீர்வாதம். 1 பேதுரு 3இல் புறம்பான அலங்காரம் உங்களுக்கு அலங்காரமாயிராமல், சாந்தமும் அமைதலும் உள்ள ஆவியே அலங்காரமாயிருக்கட்டும் என்கிறார். கடன் வாங்கி நகை போடுவதும், ஏழை வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு வரவே கூச்சப்படும் அளவுக்கு மினுக்குவதும் எந்தச் சபையிலும் சரியில்லை. மற்றபடி கொஞ்சம் பவுடர், மல்லிகைப் பூ, நரைக்குச் சாயம் எல்லாம் அவரவர் மனசாட்சி. சாயத்தில் சிலருக்கு ஒவ்வாமை வரும், காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சிலுவையைப் பச்சை குத்திக்கொள்ளலாமா?

லேவியராகமம் 19:28 செத்தவருக்காக உடம்பைக் கீறிக்கொள்வதோடு சேர்த்துத்தான் இதைச் சொல்கிறது. அதைத் தடையாக எடுப்பவர்களும் உண்டு, அக்காலச் சடங்குக்கு மட்டும் என்று எடுப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் பத்தொன்பது வயதில் வேண்டாம். குத்தியவர்கள் சபைக்கு வந்தால் முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கச் சொல்லாதீர்கள்.

யோகா செய்யலாமா?

நிறைய பேர் பயத்தோடு கேட்கிறார்கள். முதுகு வலிக்கு மருத்துவர் சொன்ன நீட்டல் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் உடம்பு சம்பந்தப்பட்டவை. மந்திரம் சொல்வது, சூரியனை வணங்குவது என்று வரும்போது அது வழிபாடு ஆகிறது, அங்கே நாம் நிற்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் உங்கள் மனசு உறுத்தினால் விட்டுவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகளே போதும். உறுத்தாத இன்னொருவரைக் குற்றப்படுத்த வேண்டாம். ரோமர் 14 முழுக்க இதைப் பற்றியதுதான்.

ஞாயிறு காலை மேட்ச் வந்தால்?

முதல் ஆராதனைக்குப் போய்விட்டு ஆடுங்கள். அதுவும் முடியாத பெரிய போட்டி என்றால் போதகரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வாரா வாரம் அப்படியே நடந்தால் யோசிக்க வேண்டும்.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே? பெண்களுக்குத் தனியாக எதற்கு?

இது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் சமைத்து, கம்பெனி பஸ் பிடித்து, நாள் முழுக்க நின்றோ மெஷினில் குனிந்தோ வேலை பார்த்து, இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்படிக்குப் போகிறார்கள். சாயங்காலம் அவர்கள் பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த கோடு தெரியும். அவர்களிடம் போய் வாக்கிங் போங்கள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்களுக்குத் தேவை தூக்கம், இரும்புச்சத்து, வீட்டில் பாத்திரம் கழுவ இன்னொரு கை. எலியா சோர்ந்துபோய்ச் சாக வேண்டும் என்று படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார் எலியா. அதற்கு அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை.

மிக்ஸி, வாஷிங் மெஷின், வேலைக்கு ஆள் எல்லாம் இருக்கிற வீட்டில் கதை வேறு. அங்கே நடப்பது அவசியம். நாற்பது தாண்டிய பெண்களுக்கு எலும்பு தேய ஆரம்பிக்கும், கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் நல்லது. ஜிம்மில்தான் செய்ய வேண்டும் என்றில்லை, ரெண்டு தண்ணீர் பாட்டிலே போதும். "தன் கைகளைப் பலப்படுத்துகிறாள்" என்று நீதிமொழிகள் 31இல் குணசாலியான பெண்ணைப் பற்றி வருகிறது. புடவையோ சுடிதாரோ, காலுக்கு மட்டும் நல்ல ஷூ போடுங்கள். கோட்டை அகழியோரம் காலையில் நடக்கிறவர்கள் ஏராளம், யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். கோடையில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சீக்கிரம் உடம்பு ஏற ஊசி போடலாம் என்கிறார்கள்.

வேண்டாம். அந்த ஸ்டீராய்டு ஊசி இதயத்தையும் ஈரலையும் பாதிக்கும், விந்தணுவைக் குறைக்கும், மனநிலையையே புரட்டிப்போடும். புரோட்டீன் பவுடர் வேறு விஷயம். அது சாப்பாடு மாதிரிதான், ஆனால் முட்டையும் கடலையும் கொண்டைக்கடலையும் சாப்பிடுகிற பையனுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

சபையில் பார்க்கும்போதெல்லாம் "என்ன இப்படி குண்டாயிட்டே" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

"நல்லா இருக்கேன் ஆன்ட்டி, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று சொல்லி நகருங்கள். வயதில் பெரியவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர்களில் பலர் அதை அக்கறை என்றுதான் நினைக்கிறார்கள்.

ஆனால் அப்படிச் சொல்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. தைராய்டு இருக்கலாம், பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பைக் கோளாறு இருக்கலாம், மனநோய்க்குச் சாப்பிடும் மாத்திரையால் எடை ஏறியிருக்கலாம், குழந்தை கலைந்திருக்கலாம். ஒல்லியாகிவிட்டாளே என்று நீங்கள் பாராட்டுகிற பெண் சாப்பிட்டதை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நம் வாயில் வரும் முதல் வார்த்தை ஒருவருடைய உடம்பைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அதனாலேயே சபைக்கு வருவதை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

விபத்தாலோ நோயாலோ உடம்பு மாறிப்போனவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்கிறேன். சி.எம்.சி.யில் படித்து அங்கேயே வேலை பார்த்த இளம் மருத்துவர். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது, முகத்திலும் தழும்பு விழுந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, தன்னைப் போல் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக வேலூரில் மறுவாழ்வுத் துறையை நடத்தினார். பாகாயத்தில் 1966இல் அதற்கென்றே ஒரு நிலையம் வந்தது. 1972இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவர் உடற்பயிற்சியை வெறுக்கவில்லை. அங்கே வந்த நோயாளிகளுக்குத் தோளையும் கையையும் பலப்படுத்துவதுதான் தினசரி வேலை, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாங்களே மாறுவதற்கு. இருக்கிற உடம்பை, இருக்கிற நிலையில், செய்ய வேண்டிய வேலைக்குத் தயாராக வைத்திருப்பது எல்லாருக்கும் பொருந்தும். அந்த உடம்பு பார்க்க எப்படி இருக்கிறது என்பது அந்த வேலைக்குத் தடையில்லை. ஏசாயா 53 நம் ஆண்டவரைப் பற்றியே "அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை" என்கிறது.

எனக்கு இது விக்கிரகமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஒரு நாள் பயிற்சி தவறினால் அன்றைக்கு முழுக்க வீட்டில் எரிந்து விழுகிறீர்களா? காய்ச்சலிலும் போகிறீர்களா? குண்டாக இருப்பவரைப் பார்த்தால் உள்ளுக்குள் இளக்காரம் வருகிறதா? கண்ணாடியில் பார்க்கும்போது எப்போதும் குறை மட்டும்தான் தெரிகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். சாப்பிடவே பயம், சாப்பிட்டதும் குற்ற உணர்வு என்று இருந்தால் அது நோய், ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும்.

சபையாக நாங்கள் என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் வேண்டாம். சபையில் நர்ஸ் ஒருவராவது இருப்பார், வேலூரில் இல்லாமல் இருக்காது. மாசத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். வளாகத்தில் இடம் இருந்தால் வாலிபால் நெட் கட்டுங்கள், பெண் பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் போடுங்கள். ஆண்டு விழா நாடகத்தில் குண்டான பையனை வைத்துச் சிரிக்க வைக்கும் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள். ஆராதனை முடிந்து கொடுக்கும் டீயில் சர்க்கரை போடாத ஃபிளாஸ்க் ஒன்றைத் தனியாக வையுங்கள். பப்ஸுக்குப் பதில் சுண்டல் கொடுத்துப் பாருங்கள், செலவும் குறையும்.